நாற்பது புத்தகமும் நான்கு லட்சம் பிரதியும்

எங்க தாத்தாவுக்கு 87 வயசு. மூணு நோட்டு நிறைய எழுதி வெச்சிருக்கார். எல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதை. 1954ல புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தப்போ அவருக்குப் பதினாறு வயசு. போன பொங்கலுக்கு, "இதை புக்காப் போட்டுடலாம் தாத்தா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை காப்பிடா போடுவ?"

பொட்டி தட்டுற பயலுக்கு இதுக்கெல்லாம் ஒரே பதில், ப்ரிண்ட் ஆன் டிமாண்ட். ஆர்டர் வந்தா மட்டும் அடிக்கிறது. ஒரு காப்பி கேட்டாலும் அடிப்பாங்க. எந்த சர்வீஸ் எடுக்கலாம்னு எக்செல் ஷீட் போட்டு, பக்கத்துக்கு எத்தனை பைசா, ராயல்டி எவ்ளோன்னு நிரப்பிட்டிருந்தேன். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை, தவளக்குப்பத்துல பஸ் ஏறி, நோணாங்குப்பம் பாலம், அரியாங்குப்பம் தாண்டி டவுனுக்குப் போய், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதி வீட்டைப் பார்த்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் பாரதி தன் புத்தகங்களை எப்படித்தான் போட்டார்னு தேடிப் படிச்சதுல என் ஷீட்டே மாறிப் போச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

பாரதி பாட்டு முதல்ல பெரிய எண்ணிக்கையில அச்சானது 1907ல. போட்டவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியல்ல பாரதிக்கு எதிர் கோஷ்டி, மிதவாதி. பாட்டைக் கேட்டுச் சொக்கிப் போய், மூணு பாட்டைச் சின்னப் பிரசுரமா 15,000 காப்பி அடிச்சு இலவசமாக் கொடுத்தார். அடுத்த வருஷம் பாரதியே 'ஸ்வதேச கீதங்கள்' போட்டார். அதே 1908ல போலீஸ் நெருக்கடி, புதுச்சேரிக்கு வந்துட்டார். பின்னாடியே 'இந்தியா' பத்திரிகையும் வந்துது.

இங்கதான் விஷயமே. புதுச்சேரியில அச்சடிக்கத் தடை இல்லை, பிரெஞ்சு மண். ஆனா படிக்கிறவன் பூரா அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவுல. பத்திரிகை எல்லை தாண்டினாத்தான் வாசகன். அதைத் தபால்லயே மடக்கினாங்க. 1910ல 'இந்தியா' நின்னு போச்சு. 1911ல 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ரெண்டுக்கும் சென்னை அரசாங்கம் தடை போட்டுது. பிரஸ் இருக்கு, எழுதற ஆள் இருக்கு, போய்ச் சேர வழி இல்லை!

'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912ல வந்துது. ரெண்டாம் பாகம்? 1924ல. பாரதி செத்து மூணு வருஷம் கழிச்சு. தன்னோட காவியத்தை முழுசா அச்சுல பார்க்காமயே போயிட்டார். இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தாத்தாவோட நோட்டு மூணையும் எடுத்து வெச்சுப் பார்த்துட்டிருந்தேன்.

நடுவுல ஒரு நல்ல மனுஷர் வர்றார், பரலி சு. நெல்லையப்பர். 1917ல சென்னையில இருந்து 'கண்ணன் பாட்டு' போட்டார். 1919ல ரெண்டாம் பதிப்பு, வ.வே.சு. ஐயர் முன்னுரையோட. எழுதினவர் எல்லைக்கு இந்தப் பக்கம், பதிப்பிச்சவர் அந்தப் பக்கம். வாசகன் இருக்கிற இடத்துலயே அச்சாச்சு, வேலையும் நடந்துது.

1918 நவம்பர்ல பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர்கிட்ட கைது, கடலூர் சிறை, அப்புறம் கடையம். 1920 ஜூன்ல எட்டயபுரத்துல இருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பறார். இன்னிக்கு ஸ்டார்ட்அப் பசங்க காட்டுற பிட்ச் மாதிரியே இருக்கும்! புதுச்சேரியில இருந்த காலத்து உழைப்பை எல்லாம் 40 புத்தகமாப் பிரிக்கிறது. ஒவ்வொண்ணும் 10,000 காப்பி, ஆக 4 லட்சம். அச்சுக்கு ஆரம்ப முதலீடு 20,000 ரூபாய், விளம்பரத்துக்குத் தனி. ஆளுக்குக் குறைஞ்சது 100 ரூபாய் கடனாக் கொடுங்க, மாசம் 2 சதவீதம் வட்டி தர்றேன்னு எழுதியிருக்கார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட வேகமா விக்கும்னு நம்பிக்கை வேற.

20,000ஐ 4 லட்சத்தால வகுத்துப் பாருங்க, காப்பிக்கு ஒரு அணாகூட வராது. முதல் சில புத்தகம் வித்த காசுல மீதியை அடிக்கிற திட்டமா இருந்திருக்கணும். எப்படியோ, திட்டம் நடக்கலை. அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஆளே போயிட்டார். கையெழுத்துப் பிரதியை வெச்சுக்கிட்டு வீடு வீடாக் கடன் கேட்கிற நிலைமை, அதுவும் அந்த ஆளுக்கு. படிக்கவே கஷ்டமா இருந்துது.

அச்சுக் கோக்கிறது, மெஷினை ஓட்டத் தயார் பண்றது, இதெல்லாம் 100 காப்பிக்கும் ஒரே செலவு, 10,000க்கும் ஒரே செலவு. அதனாலதான் நிறைய அடிச்சாக் காப்பி விலை இறங்கும், பணம் முழுக்க முன்னாடியே முடங்கும். பாரதி மாட்டினது இதுலதான். 1990ல ஜெராக்ஸோட டாக்யுடெக் மெஷின் வந்தப்புறம் இந்தக் கணக்கு உடைய ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல 1997ல லைட்னிங் பிரிண்ட், 2002ல லூலு, நம்ம பெங்களூர்ல 2008ல போத்தி, சென்னையில 2012ல நோஷன் பிரஸ். இன்னிக்கு அந்த 20,000 தேவையே இல்லை. ஆனா 1910ல மடக்கின விஷயம், காப்பி வாசகன் கைக்குப் போற வழி, அதை எந்த மெஷினும் தீர்க்கலை.

ஷீட்டுல "வாசகன் எங்க இருக்கான்?"னு ஒரு காலம் சேர்த்தேன். தாத்தா புக்கைப் படிக்கப் போறவங்க ரெண்டே கூட்டம். ஒண்ணு, கடலூர் ரோட்டுல டீக்கடை பெஞ்சுல இருக்கிற அவரோட சேக்காளிங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட மாட்டாங்க, கையில கொடுக்கணும். ரெண்டாவது, பிரான்ஸ்ல இருக்கிற சொந்தக்காரங்க. இங்க இருந்து பார்சல் அனுப்பினா புக்கு விலையைத் தபால் செலவு தூக்கிச் சாப்பிட்டுடும். ஐரோப்பாவுலயே அடிச்சு அனுப்பற சர்வீஸ்தான் அவங்களுக்கு. பக்கத்துக்கு நாலு பைசா கூடன்னாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனிக்கு (பேர் வேணாம்) வேர்ட் ஃபைலா அனுப்பினேன். அவங்க மென்பொருள்ல மாத்தி அனுப்பின மாதிரியில கொம்பு எல்லாம் எழுத்தை விட்டுத் தனியா நிக்குது! யூனிகோட்ல அடிச்சு, ஃபான்ட்டை உள்ளயே பதிச்ச பிடிஎஃப்பா அனுப்புங்க. மாதிரிக் காப்பி ஒண்ணு காசு கொடுத்தாவது வாங்கிப் பார்க்காம ஓகே சொல்லாதீங்க. ஐஎஸ்பிஎன் யார் பேர்ல வாங்கறாங்கன்னும் கேட்டுக்குங்க. இந்தியாவுல அது இலவசம்தான், நம்ம பேர்லயே வாங்கலாம்.

முடிவா, டவுன்ல ஒரு டிஜிட்டல் பிரஸ்ல 60 காப்பி, பிரான்ஸுக்கு மட்டும் ப்ரிண்ட் ஆன் டிமாண்ட். தாத்தாகிட்ட சொன்னேன். "அறுபதா?"ன்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சார். சேக்காளிங்க பேரா சொல்லிட்டே வந்து, சில பேருக்கு விரலை மடக்கிட்டார். கடைசியில, "பன்னெண்டு பேர்தான்டா இருக்கானுங்க. சீக்கிரம் அடி"ன்னார்.

ரெண்டு நோட்டு டைப் பண்ணியாச்சு. மூணாவது ஓடுது.