பெட்ரோல் டேங்க் மூடிக்கு எதுக்குப் பூட்டு?

இந்த எபிசோட் ஒரு உடைஞ்ச சாவியில ஆரம்பிக்குது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். பின்னாடி ஏழெட்டு வண்டி நிக்குது. அப்பாவோட பழைய ஹீரோ ஹோண்டா சிடி100-ஐ ஓட்டிட்டு வந்திருக்கேன். டேங்க் மூடியில சாவியைப் போட்டுத் திருப்பினேன். டக்குனு ஒரு சத்தம். சாவியோட தலை என் கையில, மீதி பூட்டுக்குள்ள. பின்னாடி இருந்தவங்க அடிச்ச ஹாரன் இன்னும் காதுல கேக்குது.

தள்ளிட்டே போய் ஒரு மெக்கானிக் கடையில விட்டேன். குறடு வெச்சு உள்ள இருந்த துண்டை எடுத்துட்டு அவர் ரெண்டு வழி சொன்னார். "லாக் செட்டே மாத்திடலாம் தம்பி. ஹேண்டில், டேங்க், சைடு பாக்ஸ் எல்லாத்துக்கும் ஒரே சாவியா வரும். ஆனா பழைய வண்டி, ஆர்டர் போட்டுத்தான் வாங்கணும். இல்லைன்னா சாவியே வேண்டாத மூடி ஒண்ணு இருக்குது. கால் சுத்து திருப்பினா கையோட வந்துரும்." நான் ரெண்டாவதுக்கு ஓகே சொன்னேன். வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. பளபளன்னு குரோம் மூடி, சாவித் துவாரமே கிடையாது.

டேங்கை நிறைச்சுட்டு நாமக்கல் பக்கம் எங்க ஊருக்குக் கிளம்பினேன். மல்லூர் தாண்டுறதுக்குள்ள வண்டி இருமி இருமி நின்னு போச்சு. மூடியைத் திறந்தேன், உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு. மறுபடி உதைச்சா ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் போனா மறுபடி நிக்குது. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இது புரிய ரெண்டு தடவை நிக்க வேண்டியிருந்துச்சு. கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் தன் எடையில கீழ இறங்குது. இறங்குற அளவுக்கு மேல காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. புது மூடியோட ரப்பர் வாஷர் அந்த ஓட்டையை அடைச்சுட்டு உக்காந்திருந்தது. வாஷரைக் கொஞ்சம் வெட்டினதும் சரியாயிடுச்சு. இதே மாதிரி மூடி மாத்துற எண்ணம் உங்களுக்கு இருந்தா முதல்ல அந்த ஓட்டையைப் பாருங்க. புது பிஎஸ்6 வண்டியா இருந்தா கைவைக்கவே வேண்டாம். அதுல பெட்ரோல் ஆவி வெளிய போகாம ஒரு கரி டப்பாவுக்குள்ள பிடிச்சு வைக்கிற ஏற்பாடு இருக்கு. மூடியும் அந்த ஏற்பாட்டோட ஒரு பகுதி.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இந்த மூடிக்குப் பூட்டுன்னு ஒண்ணு எப்ப வந்துச்சு?

பூட்டு இல்லாததுதான் பழசு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாகி திருவொற்றியூர்ல புல்லட் வர ஆரம்பிச்சுது. பூட்டு இல்லாத மூடியோட பழைய புல்லட்டுகளை இன்னைக்கும் ரோட்டுல பார்க்கலாம். ரேஸ் உலகத்துல பூட்டுங்கிறது நேர விரயம். நீண்ட தூர ரேஸ்கள்ல பெட்ரோல் ஊத்துற ஒவ்வொரு செகண்டும் கணக்கு. அதனால கட்டை விரலால நெம்பினா திறக்குற மூடி வந்துச்சு. இத்தாலியில இருக்கிற மோன்சா ரேஸ் டிராக் பேரை வெச்சு அதை மோன்சா கேப்னு சொல்றாங்க. இன்னைக்கு கஃபே ரேசர் பிரியர்கள் ஸ்டைலுக்காக வாங்கி மாட்டுறது அதைத்தான்.

பூட்டைப் பெரிய அளவுல கொண்டு வந்தது விலை. 1973 அக்டோபர்ல அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினாங்க. பீப்பாய் சுமார் 3 டாலர்ல இருந்தது சில மாசத்துல 12 டாலரை நெருங்கிடுச்சு. அமெரிக்காவுல பங்க் வாசல்ல மைல் கணக்குல கார் வரிசை. ராத்திரி ஒரு ரப்பர் டியூபும் ஒரு கேனும் இருந்தா போதும், பக்கத்து வீட்டுக் கார் டேங்க் காலி. அப்பதான் பூட்டு வெச்ச மூடி அங்க அமோகமா வித்துச்சு. நம்ம ஊர்லயும் பெட்ரோல் விலை எகிறுச்சு. 1973 நவம்பர் 12-ஆம் தேதி வாஜ்பாய் மாட்டு வண்டியில நாடாளுமன்றத்துக்கு வந்தது இதைக் கண்டிச்சுத்தான். அந்தப் போட்டோவை நீங்க வாட்ஸ்அப்ல பார்த்திருப்பீங்க. பெட்ரோல் விலை ஏறுற ஒவ்வொரு முறையும் அது மறுபடி உயிர் பெறும்.

அந்தக் காலத்துல இங்க ஸ்கூட்டர்தான் அதிகம். பஜாஜ் சேத்தக்ல மூடி சீட்டுக்கு அடியில, அதனால சீட்டு பூட்டே போதும். பைக்ல டேங்க் வெட்டவெளியில, நெஞ்சை நிமித்திட்டு நிக்குது. 80-கள்ல ஜப்பான் கூட்டணியில 100சிசி பைக்குகள் வந்தப்ப பூட்டுற மூடியும் சேர்ந்தே வந்துச்சு. 1984-ல ஓசூர்லருந்து இண்ட்-சுசுகி, 1985-ல சிடி100, அதே வருஷம் ஆர்எக்ஸ்100. சிடி100 விளம்பர வாசகம் அப்ப ரொம்ப பிரபலம்: ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட். ஊத்து, மூடு, மறந்துடு. மைலேஜுக்காகச் சொன்னதுதான். ஆனா மறந்துட்டுத் தூங்கணும்னா மூடிக்குப் பூட்டு வேணும், இல்லையா?

இங்கதான் விஷயமே இருக்கு. அந்த வண்டிங்க எல்லாத்துலயும் டேங்குக்கு அடியில ஒரு பெட்ரோல் காக் உண்டு. ஆன், ஆஃப், ரிசர்வ். அதுலருந்து கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் டியூப். டியூபைப் பிடுங்கிட்டு காக்கைத் திருப்பினா பெட்ரோல் தானா பாட்டில்ல இறங்கும். எங்க காலேஜ் ஹாஸ்டல்ல மாசக் கடைசியில யாரோட பைக்காவது இப்படி ரத்த தானம் பண்ணும். நானும் பண்ணியிருக்கேன், மறைக்க என்ன இருக்கு. ஆக, மேல இருந்த பூட்டு பெட்ரோலைக் காப்பாத்தினதே இல்லை. வீட்டு முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டுட்டு கொல்லைக் கதவைத் திறந்து வெச்ச கதை.

சக்கரை போட்டுடுவாங்கன்னு ஒரு பயமும் அப்ப இருந்துச்சு. சக்கரை பெட்ரோல்ல கரையாது. அடியில போய் ஃபில்டரை அடைக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் அப்பா மூடியைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிட்டு வந்து பார்த்தா, எப்பவும் வாசல்ல நிக்கிற வண்டி நடு ரூம்ல டிவி பக்கத்துல நிக்குது. வீடு பூரா பெட்ரோல் வாசம்.

நான் சிரிச்சுட்டே என் காக் தத்துவத்தை எடுத்து விட்டேன். "பூட்டு இருந்தாலும் கீழ டியூபைப் பிடுங்கினா முடிஞ்சுதுப்பா. அது சும்மா பேருக்கு."

அப்பா முப்பது வருஷம் லாரி டிரைவர். எங்க பக்கம் அது அதிசயமில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு எங்க திரும்பினாலும் லாரிதான். பாடி கட்டுற பட்டறை, கேஸ் டேங்கர், ரிக் வண்டி. 1997-ல நாமக்கல் சேலத்துலருந்து பிரிஞ்சு தனி மாவட்டமாச்சு. அதே வருஷம்தான் அவர் இந்த சிடி100-ஐ செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார்.

"அது எனக்குத் தெரியாதா கண்ணு?"ன்னார். "லாரி டேங்குக்கு அடியிலயும் டிரெய்ன் போல்ட் இருக்குது. ஸ்பானர் வெச்சா சொடக்கு போடற நேரம். பூட்டு திருடனுக்குன்னா நெனச்ச? அது ஓனருக்கு."

எனக்குப் புரியலை. அவர் விளக்கினார். லாரியில டீசல் டேங்க் வெளியில, சேசிஸ் ஓரத்துல தொங்குது. நூறு லிட்டருக்கு மேல பிடிக்கும். மூடி மேல ஒரு இரும்புப் பட்டை, அதுல ஒரு பூட்டு. சாவி டிரைவர்கிட்ட. டிரிப் முடிஞ்சதும் ஓனர் கணக்கு பார்ப்பார். இத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம், அப்ப இத்தனை லிட்டர்தான் போயிருக்கணும். குறைஞ்சா டிரைவர் படியில பிடிப்பு. டீசல் திருடு போச்சுன்னு டிரைவர் சொன்னா அதுக்குச் சாட்சி வேணும். உடைஞ்ச பூட்டுதான் அந்தச் சாட்சி. உடையலைன்னா?

"நாக்பூர் தாண்டி ஒரு பார்க்கிங்ல படுத்திருந்தேன். காலையில எழுந்து பாக்கறேன், டேங்குக்கு அடியில மண்ணு பூரா ஈரம். போல்டைக் கழட்டிப் புடிச்சுட்டு அரைகுறையா மாட்டிட்டுப் போயிட்டானுங்க. மேல பூட்டு போட்டது போட்டபடி இருக்குது. அதான் எனக்கு வினையாப் போச்சு. ஓனர் வந்து பூட்டைத்தான் பாத்தாரு."

மூணு டிரிப் படியில பிடிச்சாங்களாம். பணத்தை விட, வித்துட்டு வந்து நடிக்கிறான்னு ஆபீஸ்ல நாலு பேர் முன்னாடி சொன்னதுதான் அவருக்கு வலி. அதுக்கப்புறம் டிரைவர் வேலையை விடுற வரைக்கும் அவர் கேபின்ல படுத்ததே இல்லையாம். தார்ப்பாயை விரிச்சு டேங்குக்குப் பக்கத்துலயே தரையில படுத்திருக்கார். மழைன்னா வண்டிக்கு அடியில. எனக்கு இந்தக் கதை இருபத்தெட்டு வயசுல, ஒரு குரோம் மூடியாலதான் தெரிய வந்துச்சு.

அதுக்கப்புறம் வரலாறை நான் வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சேன். 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துச்சு. 2014 அக்டோபர்ல டீசலுக்கும். 2017 ஜூன் 16-லருந்து நாடு முழுக்க தினமும் விலையை மாத்துற முறை வந்துச்சு. 2021 ஜூலையில சென்னையிலயே பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டுச்சு, ஆகஸ்ட்ல தமிழக அரசு வரியில 3 ரூபாய் குறைச்சுது. இந்த விலை ஏத்தத்துல ஒவ்வொரு லிட்டருக்கும் யாரோ ஒருத்தர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கு. அது பெரும்பாலும் வண்டியோட சொந்தக்காரர் இல்லை.

பைக்ல நடந்தது ஒரு வேடிக்கை. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததும் பெரும்பாலான வண்டிங்க ஃபியூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. பம்ப் டேங்குக்குள்ளேயே போயிடுச்சு. டியூபைப் பிடுங்கினா சும்மா பெட்ரோல் கொட்டாது. அதாவது, கொல்லைக் கதவு மூடினதே இப்பதான். மேல இருக்கிற மூடிதான் சுலபமான ஒரே வழின்னு ஆனதும் இப்பதான். சரியா இந்த நேரத்துல சாவி காணாமப் போகுது. ஸ்கூட்டர்லயும் மூடி சீட்டடியிலருந்து வெளிய வந்தாச்சு. 2013-ல வந்த ஜூபிடர்ல பின்னாடி இருக்கு. 2023 ஜனவரியில வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட்ல ஸ்மார்ட் கீ பாக்கெட்ல இருந்தா போதும், மூடி திறக்கும். பிஎம்டபிள்யூ பெரிய பைக்குகள்ல இக்னிஷனை அணைச்ச கொஞ்ச நேரத்துக்குள்ள மூடியைக் கையால திறக்கலாம். இதுலயெல்லாம் சாவிதான் இல்லை, பூட்டு இருக்கு. நான் மாட்டினதுல பூட்டே இல்லை. கடையில ரெண்டையும் கீலெஸ்னுதான் விக்கிறாங்க.

லாரிக்கும் கீலெஸ் வந்தாச்சு. ஜிபிஎஸ்ஸும் டேங்குக்குள்ள ஒரு ஃபியூல் சென்சாரும். டீசல் திடீர்னு குறைஞ்சா எந்த இடம், எத்தனை மணின்னு ஓனர் போனுக்கு அலர்ட் போகும். இதை நான் பெருமையாவே அப்பாகிட்ட சொன்னேன். ஏன்னா நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்படி ஒரு டாஷ்போர்டுலதான் கோட் எழுதினேன். நாக்பூர்ல அன்னைக்கு சென்சார் இருந்திருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு, வண்டி நின்னபடி, பத்தே நிமிஷத்துல இத்தனை லிட்டர் இறங்குச்சுன்னு வரைஞ்சு காட்டியிருக்கும்னு சொன்னேன்.

அப்பா கவனமா கேட்டார். "தொப்பூர் இறக்கத்துல டீசல் முன்னாடி சாயுமே, அப்ப அது என்ன காட்டும்?"

நல்ல கேள்வி. நாங்க ஒரு மாசம் மல்லாடினதே அதோடதான். சரிவுல சென்சார் குறைச்சுக் காட்டும், பொய் அலர்ட் கிளம்பும். சராசரி எடுத்து வடிகட்டி ஓரளவு சரி பண்ணோம். முழுசா இல்லை.

"அப்ப இறக்கத்துல போற டிரைவருக்கு ஓனர்கிட்டருந்து போன் வருமில்ல?"

"வரும்பா. சில நேரம்."

"அந்தக் கோட்டை டிரைவரும் பாக்க முடியுமா?"

யோசிச்சேன். ஓனருக்கு லாகின் இருந்துச்சு. மேனேஜருக்கு இருந்துச்சு. எங்க டெஸ்டிங் டீமுக்குக்கூட நாலு இருந்துச்சு. டிரைவர்னு ஒரு யூசரே எங்க டிசைன்ல கிடையாது. யாரும் கேக்கலை, நாங்களும் வைக்கலை.

"இல்லப்பா"ன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை, எழுந்து போய் ஜன்னலைத் திறந்து விட்டார், பெட்ரோல் வாசம் போகட்டும்னு.

சேலம் மெக்கானிக்குக்குப் போன் பண்ணி லாக் செட் ஆர்டர் போட்டாச்சு. வர வரைக்கும் வண்டி டிவி பக்கத்துலதான் நிக்கும்.