நாயனம் கைமாறிய வரலாறு

 

ரமளான் இரவுகளில் தாயிரா தட்டிப் பாடியபடி தெருத்தெருவாக வந்து ஸஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாக்களை நம் வல்லத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பனியில் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். எவ்வளவு சூடு போதும் என்பதை அவர்களுடைய கை அறியும். இன்று கைப்பேசி எழுப்பிவிடுகிறது. அந்தக் கையறிவைக் கேட்டு வாங்கிக்கொண்ட இளைஞர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இந்த வருத்தத்தினூடே, கைநழுவாமல் காக்கப்பட்ட வேறொரு கருவியின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

நிக்காஹ்வை அறிவிக்கத் தஃப் கொட்டுவதற்கு ஹதீஸில் இடமுண்டு. ஏனைய கருவிகளைப் பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. ஓர் அறிவு எவ்வாறு கைமாறுகிறது என்பதே நான் எழுத வந்தது.

நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா ஸாஹிப் 1924-இல் ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில், தலைமுறைகளாக நாயனம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிலகலூரிப்பேட்டை ஆதம் ஸாஹிபிடம் பயின்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரைத் தஞ்சைப் பாணியின்பால் ஈர்த்தது. அதனைக் கேள்வியறிவால் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணவில்லை. நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களின் முன் மீண்டும் மாணவராக அமர்ந்தார். தஜ்வீத் சட்டங்கள் கிதாபில் இருக்கின்றன. ஆயினும் உஸ்தாதின் முன் அமராதவன் நாவுக்கு ‘ளாத்’ எழுத்து வருவதில்லை. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று.

வாசிப்பவர் இருந்தால் மட்டும் போதாது, கருவி வேண்டுமே! அது கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் பிறக்கிறது. மரம் ஆச்சா. அதிலும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவர். ஆண்டுக்கணக்கில் ஈரம் வற்றிய மரமே நாதம் தரும். அதைக் கடைந்து துளையிட்டால் உலவு. அதன் அடியில் பொருந்தும் விரிந்த வாய் அணசு. விரல்களுக்கு ஏழு துளைகள். அவற்றின் கீழுள்ளவை சுருதியைச் செம்மை செய்ய. ஊதும் சீவாளியோ கொறுக்கைத் தட்டையிலிருந்து வருவது.

முன்னாளில் குட்டையான, உரத்த சுருதியுடைய திமிரி நாயனமே வழக்கிலிருந்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காக இவ்வூர் ரங்கநாத ஆசாரி நீண்ட பாரி நாயனத்தைச் செய்தளித்தார். வித்வானின் செவியும் ஆசாரியின் உளியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது! 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும். பட்டறையில் வந்து அமரும் பையனை அது கொண்டுவராது. இன்று சில குடும்பங்களே இத்தொழிலில் எஞ்சியுள்ளன.

சின்ன மௌலானா ஸாஹிப் திருவரங்கத்தில் குடியேறி, 1982-இல் அங்கே நாகஸ்வரப் பயிற்சிக்கென ஓர் ஆசிரமம் நிறுவினார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார். பேரர்கள் காசிமும் பாபுவும் அவரிடமே கற்று வித்வான்களாயினர். அவரிடம் பயின்ற காலீஷாபி, மஹபூப் ஸுபஹானி தம்பதியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நம் மஹல்லாவில் எந்த வீட்டுப் பரணிலாவது பழைய தாயிரா இருக்குமாயின் தயவுசெய்து என்னிடம் தெரிவியுங்கள். தட்டத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், மக்தப் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.