சி. பா. ஆதித்தனார்

சி. பா. ஆதித்தனார் (27 செப்டம்பர் 1905 – 24 மே 1981) தினத்தந்தி நாளிதழை நிறுவியவர். பாரிஸ்டர், நாம் தமிழர் இயக்கத்தின் தலைவர், சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவர், பின்னர் அமைச்சர். தமிழர் தந்தை என்ற பட்டத்தோடுதான் அவரது ஆதரவாளர்கள் இன்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் வகித்த பதவிகளைப் பலர் மறந்திருக்கலாம். ஆனால் டீக்கடை பெஞ்சில் காலையில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி கேட்ட பழக்கம் தமிழ்நாட்டில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அதற்கே முதலிடம் தருகிறது.

திருச்செந்தூரை அடுத்த காயாமொழி அவர் பிறந்த ஊர். அன்று அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தாமிரபரணியின் வயல்பச்சை முடிந்து செம்மணல் தேரியும் பனங்காடும் தொடங்கும் பகுதி அது. பனையேறிகளும் கருப்பட்டி காய்ச்சுவோரும் நிறைந்த அந்த வட்டாரத்தில் ஆதித்தன் குடும்பம் நிலபுலன் உள்ள நாடார் குடும்பம். தந்தை சிவந்தி ஆதித்தனார் வழக்கறிஞர். தாய் கனகம் அம்மையார். மகன் திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, பிறகு லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே அங்கிருந்து இந்தியப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதன்பின் சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1933இல் கோவிந்தம்மாளை மணந்தார்.

நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு அவர் பத்திரிகைக்கு வந்தார். 1942இல் மதுரையில் முதலில் 'தமிழன்' வார இதழையும், அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பிற்காலத்தில் 'தினத்தந்தி' ஆன 'தந்தி' நாளிதழையும் தொடங்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அச்சுக் காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் புதிய நாளிதழ் தொடங்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

தமிழில் அதற்கு முன் நல்ல நாளிதழ்கள் இல்லாமல் இல்லை. சுதேசமித்திரன் 1899 முதல் நாளிதழாக வந்துகொண்டிருந்தது. 1934இல் தொடங்கிய தினமணியை அதன் முதல் ஆசிரியர், தென்காசிக்காரரான டி. எஸ். சொக்கலிங்கம், எளிய நடைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவற்றின் வாசகர் பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினர்; அவர்களுக்கு வேண்டியது அரசியலும் தலையங்கமும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடச் சென்னை மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரையும், படிக்கவே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவரையும் மனத்தில் வைத்து ஒரு நாளிதழ் நடத்தலாம் என்று ஆதித்தனார் நினைத்தார். லண்டனில் அவர் பார்த்த டெய்லி மிரர் அதற்கு முன்மாதிரி.

அந்த நினைப்பு பக்கத்தின் ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது. தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்தாலே பாதிச் செய்தி விளங்கிவிடும். வாக்கியம் சின்னதாக இருக்கும். யார், எந்த ஊர், என்ன நடந்தது என்பது முதல் சில வரிகளிலேயே வந்துவிடும். நீளமான செய்தி நடுநடுவே சிறு தலைப்புகளால் பிரிக்கப்பட்டிருக்கும்; உரக்க வாசிப்பவர் மூச்சு வாங்க அங்கே இடம் கிடைக்கும். படங்கள் நிறைய இருக்கும். 1960 முதல் வெளிவரும் 'கன்னித்தீவு' படக்கதைக்காகவே பத்திரிகையைக் கையில் எடுத்து, அதைக் கொண்டே எழுத்துக் கூட்டப் பழகிய சிறுவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தமது நிருபர்களுக்காக அவர் எழுதிய 'இதழாளர் கையேடு' இந்த முறையை விதிகளாக வகுத்துச் சொல்கிறது: மக்கள் பேசும் தமிழை, கொச்சையை மட்டும் நீக்கி, அப்படியே எழுதவேண்டும் என்பது அதன் சாரம். இன்று இதழியல் வகுப்புகளில் சொல்லித்தரும் பலவற்றை அவர் அனுபவத்திலிருந்து எழுதிவைத்தார்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கொலை, கொள்ளை, கள்ளக்காதல் செய்திகள் முன்பக்கத்துக்கு வந்தன. துயரத்தில் இருந்த குடும்பங்களின் அந்தரங்கம் தலைப்பானது. இந்தக் குறையை மறைத்துப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே சமயம், நீதிமன்றமும் சட்டமன்றமும் அன்றாடம் என்ன செய்கின்றன என்பதைக் கூலித் தொழிலாளிக்கு அவருடைய மொழியிலேயே சொன்னதும் அதே பத்திரிகைதான். எடைபோட்டால் இரண்டாவதே கனமானது.

பின்னாளில் மாலை முரசு, ராணி வார இதழ், மாதம் ஒரு நாவல் தந்த ராணி முத்து ஆகியவை அவரது குழுமத்திலிருந்து வந்தன.

அரசியலில் அவரது பாதை நேர்கோடாக இல்லை. 1947 முதல் 1952 வரை மேலவை உறுப்பினர். 1952 தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி சார்பில் திருச்செந்தூரிலும், 1957இல் சுயேச்சையாகச் சாத்தான்குளத்திலும் வென்றார். 1958இல் தனித் தமிழ்நாடு கேட்டு நாம் தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார். 1960இல் பெரியாரின் திராவிடர் கழகத்தோடு சேர்ந்து, தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தை நடத்திக் கைதானார். பிரிவினை கோருவதைத் தடுக்கும் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1963இல் வந்தது. 1967இல் அவரது இயக்கம் திமுகவில் இணைந்தது. அவர் ஸ்ரீவைகுண்டத்தில் உதயசூரியன் சின்னத்தில் வென்று, மார்ச் மாதம் பேரவைத் தலைவரானார்.

அந்தப் பதவியில் அவர் இருந்தது 1968 ஆகஸ்ட் வரைதான். ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள் இரண்டு பெரிய தீர்மானங்கள் நிறைவேறின. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று ஒருமனதாக நிறைவேறியது. அன்று உறுப்பினர்கள் 'தமிழ்நாடு வாழ்க' என்று முழங்கினார்கள். தனி நாடு கேட்டுச் சிறை சென்றவர் பேரவைத் தலைவராக இருந்த காலத்தில், இந்திய ஒன்றியத்துக்குள்ளேயே அந்தப் பெயரைக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. அவரது அரசியல் வாழ்வின் உச்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் நிறைவேறியது. அவை நடவடிக்கைகளைத் திருக்குறளோடு தொடங்கும் வழக்கமும் அவரது காலத்தது. பின்னர் கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவையில் கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்தார்.

சொந்த வட்டாரத்துக்கு அவர் விட்டுச்சென்றவற்றில் முதன்மையானது கல்வி. 1965இல் திருச்செந்தூரில் ஆதித்தனார் கலை அறிவியல் கல்லூரி தொடங்கியது. அதுவரை பட்டப் படிப்புக்குப் பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ போகவேண்டியிருந்த தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி பக்கத்திலேயே வந்தது. பெண்களுக்கான கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரியும், பொறியியல் கல்லூரியும் அவர் மறைவுக்குப் பின் அவரது குடும்பத்தார் நிறுவியவை.

நாளிதழ் நிர்வாகத்தை இளைய மகன் பா. சிவந்தி ஆதித்தன் 1959இல் ஏற்றார். மூத்த மகன் பா. இராமச்சந்திர ஆதித்தன் மாலை முரசை நடத்தினார். 2012 நவம்பரில் தந்தி டிவி தொடங்கியபோது, டீக்கடை வாசிப்புக்காக உருவான செய்தி நடை தொலைக்காட்சித் திரைக்கு வந்தது. ஆதித்தனார் தொலைக்காட்சிக்குச் செய்தி எழுதியவரல்லர். என்றாலும் இன்றைய தமிழ்ச் செய்தி அலைவரிசைகளின் குறுகிய வாக்கியமும் ஓங்கிய தலைப்பும் அவர் பழக்கிய வழியில் வந்தவையே. 2010இல் சீமான் தொடங்கிய கட்சி அவரது இயக்கத்தின் பெயரையே வைத்துக்கொண்டது.

சென்னை எழும்பூரில் ஹாரிஸ் சாலையாக இருந்தது இப்போது ஆதித்தனார் சாலை. அவரது பிறந்த நாளான செப்டம்பர் 27ஐ ஒட்டி, தினத்தந்தி ஆண்டுதோறும் சி. பா. ஆதித்தனார் இலக்கியப் பரிசும் மூத்த தமிழறிஞர் விருதும் வழங்குகிறது.