டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ரத்தம் கெட்டியாகுமா? பிசிவி 54-ஐ தாண்டினால் என்ன செய்யணும்?

சித்திரை மாசம் வந்தாலே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூவாகம் திருவிழா செய்திகளில் வந்துவிடும். திருநங்கைகள் பற்றிப் பேசுகிறோம். ஆனால் திருநம்பிகளின் மருத்துவத் தேவை பற்றிய பேச்சு ரொம்பவே குறைவு. ஆணாக வாழ விரும்பும் திருநம்பிகள் பலர் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுக்கிறார்கள். ஹார்மோன் குறைபாடுள்ள ஆண்களுக்கும் இதே மருந்துதான். இதில் கவனிக்க வேண்டிய முக்கியப் பக்கவிளைவு, சிவப்பணுக்கள் அதிகமாவது.

ஏன் அதிகமாகிறது?

சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபொய்டின் ஹார்மோனை டெஸ்டோஸ்டிரோன் தூண்டுகிறது. உடல் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வதையும் எளிதாக்குகிறது. எலும்பு மஜ்ஜை கூடுதலாக சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி, உறையும் ஆபத்து கூடலாம்.

எத்தனை பேருக்கு வருது?

நெதர்லாந்தில் 1,073 திருநம்பிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 11 சதவீதம் பேருக்கு சிவப்பணு அளவு 50-ஐ தாண்டியது. 54-ஐ தாண்டியவர்கள் 0.5 சதவீதம் மட்டுமே. முதல் வருஷத்தில்தான் ஏற்றம் அதிகம். புகைப்பழக்கம், உடல் பருமன், நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கும், 3 மாசத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

சிபிசி பரிசோதனையில் ‘பிசிவி’ அல்லது ‘ஹெமட்டோகிரிட்’ என்று இருக்கும். பொதுவாக ஆண்களுக்கு 40–50, பெண்களுக்கு 36–46 சதவீதம். ஆய்வகத்தைப் பொறுத்து சற்று மாறும்.

லேப் சீட்டில் ‘பெண்’ என்று பதிவாகியிருந்தால், திருநம்பிக்கு 48 வந்தாலே ‘அதிகம்’ எனக் காட்டும். பதற வேண்டாம். தொடர்ந்து டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்கள் ஆண்களுக்கான அளவோடுதான் ஒப்பிடணும்.

எப்போதெல்லாம் டெஸ்ட்?

* சிகிச்சை தொடங்கும் முன்பு ஒருமுறை
* திருநம்பிகள்: முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை
* ஹார்மோன் குறைபாடுள்ள ஆண்கள்: 3 முதல் 6 மாசத்துக்குள், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை

வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். அதிகமாக வந்தால், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க.

54-ஐ தாண்டினால்?

சர்வதேச வழிகாட்டுதல்படி, அளவு குறையும் வரை மருந்தை நிறுத்தி, பிறகு குறைந்த டோஸில் தொடங்குவார்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிரச்னை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிலருக்கு ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாற்றுவார்கள். பீடி, சிகரெட்டை விட்டுடணும். டோஸைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாமே டாக்டர் முடிவு. நீங்களாக செய்யாதீங்க.

ரத்த தானம் செய்தால் சரியாகிடுமா?

‘ரத்தம் கொடுத்தா குறைஞ்சிடும்’ என்பார்கள். ஆனால் 2017-ல் வந்த தேசிய விதிமுறைகள் திருநர்களை ரத்த தானத்திலிருந்து நிரந்தரமாக விலக்கின. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 2021-ல் வழக்கும் தொடரப்பட்டது. டாக்டர் சொல்லி, சிகிச்சையாக ரத்தம் எடுப்பது வேறு விஷயம். அதையும் அடிக்கடி செய்தால் இரும்புச்சத்து குறையும்.

உடனே 108-ஐ அழையுங்க

* ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், வலி
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்
* வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம்

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆனால் சிபிசி எடுக்க திருக்கோவிலூரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. உள்ளூரிலேயே எடுத்து, ரிப்போர்ட்டை சிகிச்சை தரும் டாக்டருக்கு அனுப்பினால் போதும். தூரத்தைக் காரணம் காட்டி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீங்க.