திருச்சிக் கடலை வரைந்தவர்கள்

திருச்சியை அடுத்த துவாக்குடிக்கு வடக்கே, ஐம்பது கிலோமீட்டருக்குள், ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம் பகுதிகளில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் மண்டிக் கிடக்கின்றன. கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிளந்ததில் உண்டான காவிரிப் படுகைக்குள், கிரெட்டேசியஸ் காலத்தில், ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் புகுந்தது. பின்னர் பலமுறை ஏறி இறங்கியது. காரையின் அரிபள்ளங்களில் ஜிப்சத் தகடுகளுக்கு நடுவே கணவாய் போன்ற பெலம்னைட்டுகளின் கூரிய உள்ளோடுகள் தோட்டாக்களைப் போலச் சிதறியிருக்கும். கருடமங்கலத்தின் சிப்பிச் சுண்ணாம்புக்கல் மெருகேற்றப்பட்டு, 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்ற பெயரில் அலங்காரப் பொருள்களானது.

இந்தக் கடலைப் படமாக்கும் வேலை 1840களில் தொடங்கியது. கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டியவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு பாறை அடுக்குகளை அளந்து எழுதிய நூல் 1862இல் வந்தது. அவற்றின் உயிர்களை விவரிக்கும் பெரும்பொறுப்பு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுக்கு வந்தது. அம்மோனைட்டு (சுருள் ஓட்டில் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர்), நத்தை, சிப்பி, பவளம் என அவர் எழுதிய தொகுதிகள் 1873 வரை வெளிவந்தன. மறு ஆண்டு, யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் அவர் இறந்தார். ஸ்டோலிச்காயா என்ற அம்மோனைட்டுப் பேரினம் அவர் பெயரையும், ஊட்டத்தூரிசெரஸ் ஊரின் பெயரையும் தாங்குகின்றன.

அத்தொகுதிகளின் படங்கள் கல்லச்சில் அச்சானவை. கல்லின் மேல் வரைவது தாளில் இடவலம் மாறிப் பதியும். சுருள் ஓடுகளுக்கு இது ஆபத்து: வலம்புரிச் சுருள் இடம்புரியாகிவிட்டால் உயிரின் அடையாளமே பொய்யாகும். 1650இல் ரெம்பிராண்ட் செதுக்கிய சங்குப் படத்திலேயே இந்த இடவல மாற்றம் உண்டு. அறிவியல் ஓவியர் அதனால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரையவேண்டியிருந்தது.

ஆனால் ஸ்டோலிச்காவின் பக்கங்களில் இருப்பவை ஓடு, பவளம் போன்ற எச்சங்கள் மட்டுமே; நீந்தும் உயிர் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1830இலேயே புவியியலாளர் ஹென்றி டி லா பெச், புதைபடிவங்களைத் தேடியெடுத்த மேரி ஆனிங் தோண்டியெடுத்த எலும்புகளைக் கொண்டு ஒரு பழங்கடல் காட்சியை வரைந்தார். ஆனிங்கின் தோழி எலிசபெத் ஃபில்பாட் பெலம்னைட்டின் உறைந்த மையைக் கரைத்தே புதைபடிவப் படங்களைத் தீட்டினார்.

கணினி வந்தபின் ஓட்டை வரைவது எளிதாயிற்று. ஓட்டுச் சுருளின் கணிதத்தை ஹென்றி மோஸ்லி 1838இலேயே எழுதியிருந்தார். டேவிட் ராப் 1966இல் சில எண்களை மாற்றியே பலவகை ஓட்டு வடிவங்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார். இன்று அந்தக் கடலை மெய்நிகர் விளையாட்டாக்க விரும்பினால், அதற்கான முப்பரிமாண அம்மோனைட்டையும் இதே கணக்கில் சுருளவைக்கலாம். தலையணித் திரை நொடிக்கு 72, 90 படங்கள் என ஓடவேண்டியிருப்பதால், ஓட்டின் வரிமேடுகள் பெரும்பாலும் உருவத்தில் செதுக்கப்படாமல் மேற்பூச்சிலேயே காட்டப்படுகின்றன.

சிக்கல் ஓட்டுக்கு வெளியே இருக்கிறது. பழைய ஓவியர்கள் இன்றும் வாழும் சுருளோட்டு உயிரான நாட்டிலஸைப் பார்த்து அம்மோனைட்டுக்கும் ஏராளமான கைகளை வைத்தனர். ஆனால் அம்மோனைட்டு நாட்டிலஸைவிடக் கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் நெருங்கிய உறவு என்பதே இன்றைய கருத்து. நிறமோ பெரும்பாலும் ஓவியரின் ஊகம்தான். தாளில் ஒரு பக்கத்தை மறைத்துவிடலாம்; தலையணித் திரை அணிந்து சுற்றிவந்து பார்ப்பவரிடம் அது நடக்காது.

நீரின் தன்மையை மட்டும் பாறையே சொல்லிவிடுகிறது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் கட்டிய திட்டுகள் உள்ளன. அங்கே ஒளி புகும் ஆழமற்ற நீர் பொருந்தும். காரையின் களிமண்ணுக்கு அமைதியான, சேறு படியும் ஆழம். வழக்கமான நீலப் பவளக்கடலை அங்கே தீட்டுவது தவறு. கரையோரக் காட்சிக்கு இதே பகுதியின் சாத்தனூரில் சான்று கிடக்கிறது: ஆற்றோடு கடலுக்கு வந்து மூழ்கிக் கல்லான மரம், 18 மீட்டர் நீளம், புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்தது.