ஹூக்ளித் துறைமுகமும் பாண்டெல் மாதா கோயிலும்

வேளாங்கண்ணியை அறியாத தமிழர் இல்லை. புயலிற் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் நன்றியறிதலாக அங்கே ஆலயம் எழுப்பினர் என்பது மரபு. வங்கத்தில் வாழும் நம்மவர்க்கு, ஹௌராவிலிருந்து ரயில் வழியே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், அத்தகைய தலம் மற்றொன்று உண்டு. அதுவே பாண்டெல். அங்கே யாத்திரை செல்லும் நாம் அதை அடுத்துள்ள ஹூக்ளி நகரின் சரித்திரத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். துறைமுகம் இன்றேல் இக்கோயிலும் இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தின் பெருந்துறையாக விளங்கியது சப்தகிராமம். அதன் உயிர்நாடியான சரஸ்வதி ஆறு மணலால் தூர்ந்துபோகவே, பெரிய மரக்கலங்கள் உட்செல்ல இயலவில்லை. வாணிபம் ஹூக்ளிக்குப் பெயர்ந்தது. அக்பர் காலத்தில், 1580ஐ ஒட்டி, போர்த்துகீசியர் அங்கே குடியேறினர். பாண்டெல் என்னும் பெயரே துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு என்பர். கோயில் முதன்முதலில் 1599இல் எழுந்ததாகக் கூறுவர்.

வாணிபம் செழித்தது, உடன் பழியும் வளர்ந்தது. போர்த்துகீசியருட் சிலர் வங்கக் கரையோரக் கிராமங்களைச் சூறையாடி, மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றனர். ஹூக்ளியும் அவ்விற்பனையிற் பங்கு கொண்டது. 1632இல், ஷாஜஹானின் ஆட்சியில், வங்க சுபேதார் காசிம் கான் நகரை முற்றுகையிட்டார். சுமார் மூன்று மாதங்களில் நகர் வீழ்ந்தது, கோயிலும் அழிந்தது. சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானோர் ஆக்ராவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அங்கே மதயானையின் முன் தள்ளப்பட்ட பாதிரியார் ஒருவரை அது தீண்டவில்லை என்றும், அது கண்டு பேரரசர் 777 பிகா நிலத்தை மானியமாக ஈந்தார் என்றும் கோயில் மரபு கூறும். மரபு எவ்வாறாயினும், போர்த்துகீசியர் திரும்பி வந்தனர்; 1660இல் கோயில் மீண்டும் கட்டப்பட்டது. 'நற்பயண மாதா' என்பது அங்குள்ள அன்னையின் திருநாமம். புயலில் உயிர்தப்பிய கப்பல் தலைவன் ஒருவன் தன் கலத்தின் பாய்மரத்தையே காணிக்கையாக்கினான் என்பர். அது நெடுங்காலம் கோயில் முற்றத்தில் நின்றது. 1988இல் இவ்வாலயம் பசிலிக்கா என்னும் உயர்நிலை பெற்றது.

ஆனால் துறைமுகத்தின் சிறப்பு நிலைக்கவில்லை. 1690இல் ஆங்கிலேயர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கல்கத்தாவில் நிலைகொண்டபின், வாணிபம் மெல்ல அங்கே சென்றது. அந்நகரையும் வண்டல் விடவில்லை. கடலுக்கு இன்னும் அண்மையில் ஹால்தியாத் துறைமுகம் 1977இல் தொடங்கப்பட்டது. தாமிரபரணியின் வண்டலால் கொற்கை கடலை இழந்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

பாண்டெலுக்குச் செல்வோர் அருகிலேயே, 1861இல் நிறைவுற்ற ஹூக்ளி இமாம்பாராவையும், 1825 வரை டச்சுக்காரர் வசமிருந்த சின்சுராவையும் கண்டு வரலாம். கரைசேர்ந்த மாலுமிக்கு ஒரு பாய்மரம் நினைவுச் சின்னமாயிற்று. கரையிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டுத் திரும்பாத கிராம மக்களுக்கு அங்ஙனம் ஒரு மரமும் நடப்படவில்லை. ஆற்றங்கரையில் நிற்கும்போது அவர்களையும் நினைத்தல் நம் கடமையாகும்.