உழவர் நாட்டுக்குக் கப்பலில் வந்த உணவு

பாரத நாடு பண்டு தொட்டே உழவை உயிர்த்தொழிலாகக் கொண்ட நாடு. விடுதலை பெற்ற நாளில் உழைப்பவர் பத்துப் பேரில் எழுவர் நிலத்தையே நம்பி வாழ்ந்தனர். அத்தகைய நாடு, அதன் பின்னரும் இருபதாண்டுகளுக்கு மேலாக அயல்நாட்டுத் தானியத்தை எதிர்நோக்கி நின்றது ஏன்? மழை பொய்த்தது என்பர் சிலர். மக்கள் பெருகினர் என்பர் வேறு சிலர். இரண்டும் மெய்யே, ஆயினும் முழுக் காரணம் அவை அல்ல.

வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காண்போம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சென்னை மாகாணமும் வங்காளமும் பர்மா அரிசியை வாங்கி உண்டன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அரிசிக் கப்பல்கள் நின்றன. அடுத்த ஆண்டே வங்கத்தைப் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. அதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1947-இல் நாடு பிரிவுற்றபோது, மேலைப் பஞ்சாபின் கால்வாய்ப் பாசன நிலங்களும் சிந்துவின் வயல்களும் எல்லைக்கு அப்பால் சென்றன.

இக்குறையை நிரப்ப எளிய வழியொன்று கிடைத்தது. அமெரிக்கா 1954-இல் இயற்றிய 480-ஆம் பொதுச் சட்டத்தின்படி, 1956-இல் ஒப்பந்தம் கண்டு கோதுமை பெற்றோம். டாலர் தேடி அலைய வேண்டியதில்லை. ரூபாயிலேயே விலை செலுத்தலாம்! அதே ஆண்டில் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், எஃகுக்கும் எந்திரத்துக்கும் ஏற்றம் தந்தது. நகரத்தார்க்கு மலிவாகத் தானியம் கிடைத்தது. உழவர்க்கோ விளைச்சலைப் பெருக்க ஊக்கமளிக்கும் விலை கிடைக்கவில்லை. விலை நிச்சயமில்லாதபோது உரத்துக்கும் கிணற்றுக்கும் எவர் பொருள் செலவிடுவர்?

1965, 1966 ஆகிய ஈராண்டுகளும் மழை பொய்த்தது. 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் கப்பலேறி வந்தது. அதையும் அமெரிக்க அதிபர் ஜான்சன் சிறிது சிறிதாகவே விடுவித்தார். பசித்தவன் கலயத்தைப் பிறன் கை தாங்கினால், நினைத்த போது தாழ்த்தவும் அவனால் முடியும் என்பதை அன்று உணர்ந்தோம்.

1964-இல் உணவு அமைச்சரான சி. சுப்பிரமணியம் வேறு வழி கண்டார். 1965-இல் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் அமைந்தது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிஞர் அதனை நம் மண்ணுக்கேற்பப் பண்படுத்தினர். விதையோடு நீரும், உரமும், உறுதியான விலையும் ஒருங்கே சேர்ந்தன. 1968-இல் கோதுமை விளைச்சல் 165 இலட்சம் டன்னாக உயர்ந்தது. இன்று நாம் அரிசியை உலகுக்கு அனுப்புகிறோம்.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக விளைப்பதும் நம் நாடே. மிகுதியாக இறக்குமதி செய்வதும் நம் நாடே! நம் குடியிருப்பில் கொதிக்கும் சாம்பாருக்குரிய துவரை, பர்மாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. நெல்லும் கோதுமையும் கால்வாய் நீரையும் அரசின் கொள்முதலையும் பெற்றன. பருப்போ பெரும்பாலும் வானம் பார்த்த பூமியில் விடப்பட்டது.

பங்கீட்டுக் கடை வரிசையில் நின்ற நம் பெற்றோர்க்குக் கோதுமை கற்பித்த பாடம் இதுவே: உழவரின் உழைப்பில் குறையில்லை; அவ்வுழைப்புக்கு நாடு அளிக்கும் நீரிலும் விலையிலுமே குறை. கடையில் மலிவு ஒன்றையே நாடும் நாம், அம்மலிவின் சுமை எவர் தோளில் விழுகிறது என்பதையும் எண்ணுவோமாக!